ஸ்பெயினில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? வலென்சியாவில் இருந்து வந்த அனுபவத்தில் ஒரு முழு வழிகாட்டி

வலென்சியா நகரத்தின் பெனிமாக்லெட் பகுதியில் ஒரு தோழியின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அவள், அவளுடைய அம்மா, அப்பா, நான்காவது மாடியில் ஒரு வீடு. பெனிமாக்லெட் ஒரு காலத்தில் தனிக் கிராமம். இன்றைக்கும் கடைசித் தெருவைத் தாண்டினால் காய்கறிப் பாத்தியும் வாய்க்காலும்தான். தேவாலயங்களையும் கடற்கரையையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ஸ்பானிஷ் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறவர் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று தமிழில் தேடியபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்தாளி வந்திருக்கிறார் என்று அந்த வீட்டில் எதையும் மாற்றவில்லை. அவர்களுடைய நாளுக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. அவர்களுடைய நேரத்துக்கு வயிற்றையும் தூக்கத்தையும் பழக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. கிளம்பும் முன்: அழைப்புக் கடிதமும் பெட்டியும்

நண்பர் வீட்டில்தான் தங்குகிறேன் என்று ஷெங்கன் விசாவுக்கு (ஸ்பெயின் உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) எழுதினால், "கார்த்தா தெ இன்வித்தாசியோன்" என்ற அழைப்புக் கடிதம் கேட்பார்கள். நண்பர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. அவர் தன் பகுதியின் தேசியப் போலீஸ் அலுவலகத்துக்கு நேரில் போய், வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ காட்டி, கட்டணம் கட்டி வாங்க வேண்டும். மூலப் பிரதி உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், டிக்கெட் பார்ப்பதற்கு முன்பே நண்பரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதம் தங்குமிடத்துக்கு மட்டும்தான் சான்று. செலவுக்கான பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மற்றபடி எல்லா ஷெங்கன் விசாவுக்கும் உள்ளதுதான்: 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

பெட்டியில் என்ன வைப்பது? பால்கோவாவும் நெய்யும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருள், இறைச்சி எதையும் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலையும் வேண்டாம், செடி, இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். நான் கடலைமிட்டாயும் ஃபில்டர் காபித் தூளும் எடுத்துப் போனேன். இரண்டுக்கும் நல்ல வரவேற்பு. ஸ்பெயினில் சர்க்கரை சேர்த்துக் கருக வறுத்த "தொர்ரெஃபாக்தோ" காபிக் கொட்டையைச் சாதாரணக் கொட்டையோடு கலந்து குடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கசப்பு பழகிய நாக்குக்கு சிக்கரி கலந்த நம் காபி அந்நியமாகத் தெரியவில்லை. தோழியின் அப்பா டபராவில் ஆற்றுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தினமும் காலையில் அவரே ஆற்றிக் குடித்தார்.

2. கடிகாரத்தை மாற்றுங்கள், வயிற்றையும் மாற்றுங்கள்

ஸ்பானியர்கள் மதியம் இரண்டரைக்குச் சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்கு அடுப்பு மூட்டுவதைப் பார்த்து, சோம்பேறிகள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. கிரீன்விச் தீர்க்கரேகை வலென்சியாவுக்குப் பக்கத்திலேயே போகிறது. நியாயமாக அந்த ஊரில் லண்டன் நேரம்தான் இருக்க வேண்டும். 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியின் நேரத்துக்குக் கொண்டுபோனது; அப்புறம் திருப்பி வைக்கவே இல்லை. அதன் மேல் கோடைக்கால நேரம் இன்னொரு மணி. ஆக, ஜூன் மாதத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது சுவர்க் கடிகாரம் பகல் இரண்டு காட்டும். சூரியனை வைத்துப் பார்த்தால் அவர்களும் உச்சிவேளையில்தான் சாப்பிடுகிறார்கள்.

நான் இருந்த வீட்டின் நாள் இப்படிப் போகும். காலை எட்டு மணிக்குப் பால் காபியும், தக்காளியைத் துருவி ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ஒரு துண்டு ரொட்டியும். பத்தரைக்கு "எஸ்மொர்சாரெட்". இது வலென்சியாக்காரர்கள் உயிராக நினைக்கும் இடைவேளைச் சாப்பாடு, இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இரண்டரைக்கு முழுச் சாப்பாடு. மாலை ஆறு மணிக்குக் குழந்தைகளும் பாட்டிகளும் ஏதாவது இனிப்பு சாப்பிடுவார்கள், அதற்குப் பெயர் "மெரியெந்தா". இரவு ஒன்பதரைக்கு ஒரு முட்டை, கொஞ்சம் சாலட், சூப் என்று முடிந்துவிடும்.

முதல் நாள் நான் பத்தரை மணிச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மதியம் வரை பசியோடு உட்கார்ந்திருந்தேன். அதேபோல மாலை மெரியெந்தாவையும் விட்டுவிட்டு ஏழரைக்குத் தலை சுற்றியது. இரண்டையும் விடாதீர்கள். நடுவில் வரும் இந்தச் சின்னச் சாப்பாடுகளை நம்பித்தான் பெரிய சாப்பாடுகள் இவ்வளவு தள்ளி நிற்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து மணி வரை வீடும் தெருவும் அடங்கியிருக்கும். சின்னக் கடைகளும் இரண்டு மணிக்கு மூடி ஐந்துக்குத்தான் திறக்கும். எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் யாரையும் ஃபோனில் கூப்பிடும் நேரமல்ல அது.

3. வாசலில்

பெண்களுக்கிடையே, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே, அறிமுகமாகும்போது இரண்டு கன்னத்திலும் முத்தம். உதடு படாது. கன்னத்தோடு கன்னம் ஒட்டி, காற்றில் ஒரு சத்தம், அவ்வளவுதான். முதலில் வலது கன்னம், பிறகு இடது. ஆண்களுக்கிடையே கைகுலுக்கல், பழகிவிட்டால் தோளில் தட்டி ஓர் அணைப்பு. கூச்சமாக இருந்தால் கையை முன்னால் நீட்டிச் சிரித்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நமக்குக் கஷ்டமானது வேறு. தோழியின் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்! நண்பரின் பெற்றோரை அம்மா, ஆன்ட்டி என்று கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. மேடம் என்பதுபோல "சென்யோரா" என்று நான் கூப்பிட்டபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. என்னை ஏன் தள்ளி வைக்கிறாய் என்ற வருத்தம் அது. பெயரும் "தூ" என்ற ஒருமையும்தான் அங்கே நெருக்கத்தின் அடையாளம். நாக்கு வராவிட்டாலும் இரண்டாம் நாளிலேயே பழகிவிடுங்கள்.

செருப்பு விஷயத்திலும் நாம் நினைப்பதற்கு நேர்மாறு. பல வீடுகளில் ஷூவோடு உள்ளே நடப்பார்கள், அல்லது வீட்டுக்கென்றே ஒரு ஜோடிச் செருப்பு இருக்கும். நான் வெறுங்காலோடு நடந்ததைப் பார்த்து, சளி பிடிக்கும் என்று தோழியின் அம்மா ஒரு ஜோடி துணிச்செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும், வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

4. வீடு எப்படி இயங்குகிறது

மின்சாரம்: ஒவ்வொரு வீடும் இத்தனை கிலோவாட் என்று ஒப்பந்தம் போட்டு, அதற்கு மாதக் கட்டணம் கட்டுகிறது. காசு மிச்சம் பிடிக்கப் பலர் குறைவாகவே எடுத்திருப்பார்கள். மின்சார அடுப்பு, துணி துவைக்கும் மெஷின், ஹேர் டிரையர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் வீடே அணைந்துவிடும். பெரிய மெஷின் எதையும் போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். 2021-க்குப் பிறகு பல வீடுகளில் நேரத்துக்கு ஏற்ற விலை. வார நாட்களில் காலை 10 முதல் 2 வரையும், மாலை 6 முதல் 10 வரையும் விலை அதிகம். நள்ளிரவுக்குப் பிறகு காலை 8 வரையும், சனி ஞாயிறு முழுவதும் குறைவு. எங்கள் வீட்டில் துணி துவைப்பது சனிக்கிழமைதான்.

ஜன்னல்: வெளிப்பக்கம் "பெர்சியானா" என்ற சுருட்டும் தடுப்பு இருக்கும். கோடையில் காலை பதினொன்றுக்கே அதை இறக்கி வீட்டை இருட்டாக்கி, வெயில் தாழ்ந்த பிறகு ஏற்றுவார்கள். பகலில் வெளிச்சத்துக்காக அதைத் திறந்து வைத்தால் இரவில் எல்லோரும் வெக்கையில் தூங்க வேண்டியிருக்கும்.

துணி காயப் போடுவது எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட ஒரு முற்றம், நான்கு மாடி ஆழம். சமையலறை ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவர் வரை கயிறு, இரண்டு முனையிலும் கப்பி. ஒரு துணியைக் கவ்வி வைத்து மாட்டி, கயிற்றை இழுத்தால் அது முற்றத்தின் நடுவே நகரும், அடுத்த துணிக்கு இடம் வரும். கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டதும் கீழ்மாடி ஜன்னலில் ஒரு தலை தெரியும்: "இன்றைக்கு மழை வராது, தைரியமாகப் போடு." ஒருவர் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள், யாருக்கு இருமல் என்று எல்லாம் அந்த முற்றத்தில் தெரிந்துவிடும். இரண்டு விஷயம் கவனம்: கீழே யாருடைய காய்ந்த துணியாவது தொங்கினால், சொட்டும் துணியை அதன் மேல் போடக் கூடாது. உங்கள் துணி விழுந்துவிட்டால், தரைத்தளத்து வீட்டின் மணியை அடித்து மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எனக்கு ஒரு சட்டை விழுந்தது. அந்தப் பாட்டி அதை மடித்தே வைத்திருந்தார்.

குப்பைக்குத் தெருவில் தொட்டிகள் உண்டு. பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், காகிதத்துக்கு நீலம், கண்ணாடிக்குப் பச்சை, சமையல் கழிவுக்குப் பழுப்பு, மீதி சாம்பல். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் வலென்சியாவில் அது கடின நீர் என்பதால் பலர் பெரிய பாட்டில் வாங்குகிறார்கள். கடையிலிருந்து அதைத் தூக்கி வருவது விருந்தாளி தானாக எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல வேலை.

5. கடைக்குப் போகும்போது

தோழி என்னைத் தனியாக ரொட்டிக் கடைக்கு அனுப்பினாள். உள்ளே எட்டுப் பேர் ஆளுக்கொரு மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையே இல்லை என்று நினைத்தேன். உண்மையில் கச்சிதமான வரிசை இருந்தது, அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் பொதுவாக "எல் ஊல்திமோ?" என்று கேட்க வேண்டும். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பிறகு நீங்கள். அடுத்து வருகிறவர் கேட்கும்போது நீங்கள் கை தூக்க வேண்டும். அவ்வளவுதான், பிறகு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சந்தையிலும் மருந்துக் கடையிலும் டாக்டருக்காகக் காத்திருக்கும் அறையிலும் இதே முறைதான்.

"தயவுசெய்து", "நன்றி" இரண்டையும் நிமிடத்துக்கு ஒரு முறை சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒரு காபி போடு" என்று நேராகச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் வணக்கம் சொல்லாமல் இருப்பது பெரிய குறை. கடைக்குள் நுழைந்தால், லிஃப்டில் ஏறினால் "புயெனாஸ்", வெளியேறும்போது "ஆஸ்தா லுவேகோ". முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். வலென்சியாவில் இன்னொரு மொழியும் உண்டு, வலென்சியன். வயதானவர்களிடம் "போன் தியா" என்று அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

1928-இல் திறந்த மத்தியச் சந்தை, மெர்காதோ சென்த்ரால், திங்கள் முதல் சனி வரை, மதியம் மூன்று மணி வரைதான். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

6. பத்தரை மணி எஸ்மொர்சாரெட்

மெக்கானிக், வாத்தியார், வங்கி ஊழியர், சைக்கிளில் ஊர் சுற்றும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பாரில் உட்காருவார்கள். அங்கே பார் என்றால் சாராயக் கடை என்று நினைக்காதீர்கள். காபிக் கடை, டிபன் கடை, தெருவின் கூடம் எல்லாம் அதுதான். நீங்கள் கேட்காமலே ஆலிவும் தோலோடு வறுத்த வேர்க்கடலையும் மேஜைக்கு வரும். அப்புறம் முழங்கை நீள ரொட்டிக்குள் ஏதாவது வைத்துத் தருவார்கள். சைவம் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்தது கேளுங்கள், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால். முடிவில் பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கொளுத்திய ரம்மின் மேல் காபி ஊற்றிய "கிரெமாயெத்". மது வேண்டாம் என்றால் "போம்போன்" கேளுங்கள், அடியில் மில்க்மெய்ட் ஊற்றிய காபி.

பணம் கொடுப்பதில் ஒரு நுணுக்கம். பாரில் யாரும் தன் பங்கைச் சில்லறையாகப் பிரிப்பதில்லை. இந்தச் சுற்று ஒருவர், அடுத்த சுற்று இன்னொருவர். விருந்தாளி என்று உங்களைப் பணம் கொடுக்க விடமாட்டார்கள். அதனால் மூன்றாவது நாள் நான் கைகழுவப் போவதுபோல எழுந்து, கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்தேன். திட்டினார்கள், ஆனால் அன்றிலிருந்து என்னையும் அந்தச் சுற்றில் சேர்த்துக்கொண்டார்கள்.

7. ஞாயிற்றுக்கிழமை: பயேயா

இதற்காகவே ஒரு ஞாயிறாவது அங்கே இருக்கும்படி பயணத்தை அமையுங்கள். தோழியின் மாமாவுக்கு ஆரஞ்சுத் தோட்டத்தில் ஒரு சின்ன வீடு. வாசலில் மூன்று கால் அடுப்பு, ஆரஞ்சு மர விறகு, ஒரு முழத்துக்கும் மேல் அகலமான தட்டை இரும்புப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தின் பெயர்தான் பயேயா, அதில் சமைக்கும் அரிசிச் சாப்பாட்டுக்கும் அதே பெயர்.

வலென்சியாவின் பயேயாவில் மீனும் இறாலும் இல்லை. கோழியும் முயலும்தான். ஆலிவ் எண்ணெயில் அவை பொன்னிறமாகும் வரை மாமா அவசரப்படவே இல்லை. பிறகு தட்டைப் பச்சைப் பீன்ஸ், "கர்ரொஃபோ" என்ற பெரிய வெள்ளை மொச்சை, துருவிய தக்காளி, மிளகாய்ப் பொடி போலச் சிவந்த, ஆனால் காரமே இல்லாத ஒரு பொடி. தண்ணீருக்கு அளவு பாத்திரத்தின் கைப்பிடி ஆணி. குங்குமப்பூ, ஒரு கொத்து ரோஸ்மேரி. கடைசியில்தான் அரிசி. வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி விளையும் உருண்டை அரிசி. அரேபியர்கள் ஸ்பெயினுக்குக் கொண்டுவந்த பயிர் அது.

அரிசி போட்டதும் கரண்டியை எடுக்கப் போனேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் "இல்லை!" என்றார்கள். அரிசியைப் பரப்பிவிட்ட பிறகு கிளறவே கூடாது. கிளறினால் மாவு கரைந்து குழைந்துவிடும். பதினெட்டு இருபது நிமிடம், விறகை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தி நெருப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வற்றியதும் பாத்திரத்திலிருந்து சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். அடிப்பிடிக்கும் சத்தம் அது. அதற்கு "சொக்கராத்" என்று பெயர். நம் வீட்டுக் காந்தல்தான், ஆனால் அங்கே அதுதான் சமைத்தவரின் கைத்திறனுக்குச் சான்று.

தட்டில் பரிமாறவில்லை. பாத்திரத்தை மேஜை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டி. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உங்களுக்கு நேராக உள்ள முக்கோணம் மட்டும் உங்களுடையது. பக்கத்தில் உள்ளவரின் பகுதிக்குள் கரண்டி போகக் கூடாது. வேண்டாத கறித் துண்டை நடுவில் ஒதுக்கி வைக்கலாம். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். இரவில் பயேயா சாப்பிடுவதில்லை, வயிறு கனக்கும் என்பார்கள். அதில் சொரிசோ தொத்திறைச்சி போடுவதைப் பற்றி அவர்களிடம் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள், உண்மையிலேயே மனம் நோகும்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. "நான் வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. சாலட்டில் டியூனா மீன் இருக்கும், பருப்புக் குழம்பில் சொரிசோ, குளிர்ந்த தக்காளிச் சூப்பான சல்மொரேகோவின் மேல் பன்றித் தொடைத் துருவல். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், பன்றித் தொடை இல்லாமல்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பதினைந்து நாள் முன்பே வீட்டில் சொல்லிவிட்டால் காய்கறிப் பயேயா தனியாக ஒன்று கிடைக்கும்.

8. சாப்பிட்ட பிறகு எழுந்துவிடாதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இதுதான். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து தட்டுகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். உதவி என்று நினைத்தேன். தோழியின் அம்மா என் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அதே மேஜையில் உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு "சோப்ரெமேசா" என்று பெயர். பழம் வரும், காபி வரும், ரொட்டித் துகள் சிதறிய விரிப்பு அப்படியே இருக்கும். ஞாயிறன்று இது மூன்று மணி நேரம் போனது. அல்புஃபேராவில் அறுவடை, அடுத்த தெருவில் விற்ற வீடு, 2024 அக்டோபர் வெள்ளத்தில் நகரத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களில் சேறு அள்ளப் போன கதை எல்லாம் அந்த மேஜையில்தான் கேட்டேன். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடவில்லை. மற்ற நேரமெல்லாம் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அது சண்டை இல்லை, ஆர்வம்.

மொழி தெரியவில்லையே என்று அறைக்குப் போய்விடாதீர்கள். உட்கார்ந்திருப்பதே போதும். விரிப்பை உதற எல்லோரும் எழும்போது பாத்திரம் கழுவ நில்லுங்கள், அப்போது விடுவார்கள்.

9. ஒரு மாலையாவது தோழமையோடு நடங்கள்

பெனிமாக்லெட்டிலிருந்து வயல் வழியே அல்போராயா வரை நடந்தோம். கோரைப் புல் இனத்தைச் சேர்ந்த "சூஃபா" என்ற சின்னக் கிழங்கு அங்கே விளைகிறது. அதை ஊறவைத்து அரைத்து, பிழிந்த பாலில் சர்க்கரை போட்டுக் குளிர வைத்ததுதான் ஒர்ச்சாத்தா. நீள ரொட்டியை அதில் முக்கிச் சாப்பிடுவார்கள். வியாழக்கிழமை என்றால் பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் நில்லுங்கள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளை விவசாயிகளே உட்கார்ந்து வாய்மொழியாகத் தீர்க்கும் தண்ணீர் நீதிமன்றம் இன்றும் அங்கே கூடுகிறது. வழக்கு இல்லாத நாளில் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

10. விடைபெறும் நாள்

முந்தின இரவே படுக்கை விரிப்பை எங்கே போட வேண்டும் என்று கேட்டு வையுங்கள். ஒரு இனிப்புக் கடையில் பெட்டி நிறைய கேக் வாங்கி வந்து மதியச் சாப்பாட்டுக்கு வையுங்கள், அது அங்கே நல்ல நன்றி. பூ வாங்கினால் செவ்வந்தி வேண்டாம், அது கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ.

"சரி, கிளம்புகிறேன்" என்று சொன்னதும் கிளம்ப முடியாது. மேஜையில் ஒரு முறை, கூடத்தில் ஒரு முறை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முறை, லிஃப்ட் வந்து நின்ற பிறகு இன்னொரு முறை என்று விடைபெறுவார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு முத்தம், வழிக்கு ஒரு பொட்டலம். எனக்கு அலுமினியத் தாளில் சுற்றிய உருளைக்கிழங்கு ஆம்லெட் வந்தது. ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டுமானால் இதற்கென்று அரை மணி நேரம் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.